அறுபத்து நான்கு வடங்கள்

"உங்கள் ஊருக்கு எல்லை எங்கே இருக்கிறது, அம்மா?"

தலைநகரில், தனி மாநில மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் தலைவர் இப்படிக் கேட்டதும் தையல்நாயகிக்கு 'இன்றைக்கா, நேற்றைக்கா?' என்று திருப்பிக் கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். தெப்பக்கரை என்ற யூனியன் பிரதேசத்தின் முதலமைச்சர். மேசைக்கு அடியில் அவருடைய செருப்பு அவள் செருப்பை லேசாக இடித்தது.

தெப்பக்கரை கடலில் மிதக்கும் ஊர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பதினோரு மீனவக் குப்பங்களைக் கடல் விழுங்கியபோது, "பத்து வருடத்துக்கு மட்டும்" என்று சொல்லி ஒன்றிய அரசு அந்த மக்களை ஏற்றி வைத்த இடம். இருநூற்றுப் பன்னிரண்டு தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு கால்பந்து மைதானம் அளவு, ஒன்றோடொன்று கீல் போட்டு இணைத்தது. பத்து வருடம் முப்பத்தொரு வருடமாகிவிட்டது. இப்போது அதில் நாற்பத்தாறாயிரம் பேர்.

அந்த ஊர் ஓரிடத்தில் நிற்பதில்லை. அடியில் இறக்கியிருக்கும் நீர்ப்பாய்கள் கடலின் நீரோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை வங்கக் கடலில் பெரிய வட்டம் போட்டு வரும். புயல் உருவாகிறது என்று தெரிந்தால் நான்கைந்து நாள் முன்னதாகவே அதன் பாதையை விட்டு நகர்ந்துவிடும். நகர்த்துவதுதான் தலைமைப் பொறியாளரான தையல்நாயகியின் வேலை. முப்பத்தொரு வருடத்தில் புயலுக்கு ஓர் உயிர்கூடப் போனதில்லை.

போன உயிர்கள் வேறு வகையில் போயின. தெப்பக்கரைக்கு முப்பது பேர் கொண்ட சட்டமன்றம் உண்டு. எதை வேண்டுமானாலும் தீர்மானம் போடலாம். துணைநிலை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாது. குடிநீர் ஆலையின் வடிகட்டி கெட்டபோது புதியது கேட்டு அனுப்பிய கோப்பு பதினான்கு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது. பதின்மூன்றாவது மாதம் ஊரில் வாந்திபேதி. பத்தொன்பது பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி ஒன்பது வயதுச் செண்பகவல்லி, கலியமூர்த்தியின் ஒரே மகள். அதுவரை படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர் அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. தனி மாநிலம் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தேர்தலில் நின்றார், ஜெயித்தார். சட்டமன்றத்தில் பதினோரு முறை தீர்மானம் போட்டார். பதினோரு முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி பதில் வந்தது. பன்னிரண்டாவது முறைதான் இந்தக் குழு.

"எல்லை இல்லைங்கய்யா. இருக்குற எடந்தான் ஊரு," என்றாள் தையல்நாயகி.

உறுப்பினர்கள் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "மாநிலம் என்றால் நிலப்பரப்பு வேண்டும், எல்லை வேண்டும். அரசியலமைப்பின் அட்டவணையில் எழுத வேண்டும். மிதப்பதையெல்லாம் மாநிலமாக்கினால் நாளைக்கு ஒரு கப்பலும் வந்து கேட்கும். சரி, ஓரிடத்தில் கட்டி நிறுத்த முடியுமா?"

"முடியும். ஆனா..."

செருப்பு மறுபடி இடித்தது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"ஆனா மணிக்கு நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் காத்து வரைக்குந்தான் தாங்கும். அதுக்கு மேல அடிச்சா தளம் தளமா பிச்சிக்கும். நாப்பது வருசத்துக்கு ஒருக்கா அப்புடி வரும்."

தலைவர் சுருக்கெழுத்தரைப் பார்த்தார். "முடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

வெளியே தாழ்வாரத்தில் கலியமூர்த்தி சுவரில் சாய்ந்து நின்றார். "அந்த 'ஆனா'வ நீ சொல்லாம இருந்திருக்கலாம் தையலு."

"அண்ணே, நம்ம ஊரு நிக்காம ஓடுறதாலதான் உசுரோட இருக்கு. கட்டிப்போட்டா..."

"ஓடுறவன் பேச்ச எவன் கேப்பான்? நின்னு பேசுனாத்தான் காது குடுப்பான். நாப்பது வருசத்துக்கு ஒருக்கா வர்ற புயலுக்குப் பயந்துக்கிட்டு, மாசாமாசம் வர்ற சாவ வச்சிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

செண்பகத்தின் உடம்பைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றியவள் தையல்நாயகிதான்.

ஊருக்குத் திரும்பியதும் சட்டச் செயலாளர் நஸ்ரின் பானுவைப் போய்ப் பார்த்தாள். நஸ்ரின் நாகூர்க்காரி, மசோதாவின் வரைவு முழுக்க அவள் கையால் எழுதியது. ஆபத்து நேரத்தில் தலைமைப் பொறியாளரே வடங்களை அவிழ்த்துவிடலாம் என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னாள் தையல்நாயகி. நஸ்ரின் சேர்த்தாள். மூன்று வாரத்தில் அந்தத் தாள் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.

"வெட்டிட்டாங்க மேடம். ஒரு மாநிலம் தன் எல்லையை விட்டுத் தானா வெளியேறுற உரிமையச் சட்டத்துல எழுத முடியாதாம். நாட்டை விட்டுப் பிரியறதுக்கு ஈடாம் அது. ஒன்றிய அரசு எழுத்துமூலம் சம்மதிச்சாத்தான் அவுக்கலாம்னு மாத்திட்டாங்க."

"சம்மதம் கேட்டா எத்தன நாள்ல குடுப்பாங்க?"

நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அத எந்தச் சட்டத்துலயும் எழுத மாட்டாங்க."

மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. கீழவையில் நாற்பது நிமிடம் விவாதம்; மேலவையில் விவாதமே இல்லை. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அரசிதழில் தெப்பக்கரை நான்கு புள்ளிகளாக அச்சாகி வந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, அவற்றுக்கு நடுவில் ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் ஊரைக் கொண்டுவந்து, ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்தில் கடல் தரையோடு அறுபத்து நான்கு வடங்களால் கட்டினாள் தையல்நாயகி. ஒவ்வொரு வடமும் ஆள் இடுப்புத் தடிமன். ஒவ்வொன்றின் தலையிலும் கையால் அவிழ்க்கக்கூடிய ஒரு பூட்டு வைத்தாள். அதை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வைக்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஊரில் பலருக்குத் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து நகர்ந்துகொண்டே இருந்தவர்களுக்கு நிற்பது ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பழகியது. பழகியது மட்டுமல்ல, நன்றாகவும் இருந்தது. கலியமூர்த்தி போட்ட முதல் கையெழுத்து புது நீர் ஆலைக்கு. கோப்பு மேசைக்கு வந்து நான்கே நிமிடம். போட்டுவிட்டுப் பேனாவை மூடத் தெரியாமல் வைத்துக்கொண்டு, எல்லா அதிகாரிகள் முன்னாலும் அழுதார். அறுவைச் சிகிச்சைக் கூடம் வந்தது. கல்லூரி வந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் மாநிலத்தின் பெயரைச் சொன்னார்கள். தான் அந்தக் குழுவின் முன்னால் சொன்ன 'ஆனா' வீண் பயமோ என்று தையல்நாயகியே சில நாள் நினைத்தாள்.

பதினாறாவது மாதம், ஐப்பசியில், அந்தமானுக்கு மேற்கே ஒரு சுழி தெரிந்தது. நான்கு நாளில் அது புயலானது. ஐந்தாம் நாள் காலை, கட்டுப்பாட்டு அறையில் மூத்த இயக்குநர் ஆரோக்கியசாமி கணிப்புத் தாளை அவள் கையில் கொடுத்தார்.

இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் வேகம். நேராகச் சதுரத்தின் மேல். முப்பத்தெட்டு மணி நேரம்.

அவிழ்க்கச் சம்மதம் கேட்டுத் தலைநகருக்கு எழுதினாள். கிடைத்தது என்று பதில் வந்தது. கிடைத்தது கடிதந்தான், சம்மதமல்ல. ஆட்களை ஏற்ற நான்கு கப்பல் அனுப்பினார்கள். ஒன்பதாயிரம் பேர் கொள்ளும். கைக்குழந்தைக்காரிகளையும் நோயாளிகளையும் ஏற்றியதும் நிறைந்துவிட்டது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு இரண்டாவது பதில் வந்தது. 'அமைச்சகங்களுக்கு இடையிலான கலந்தாலோசனையில் உள்ளது.'

அவள் தாளை எடுத்துக்கொண்டு முதலமைச்சர் அறைக்குப் போனாள். கலியமூர்த்தி ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். வெளியே வானம் ஈயம்போல இருந்தது. மழை இன்னும் விழவில்லை.

"அண்ணே, ரெண்டு மணிக்குள்ள அவுக்கணும். அவுத்தாத்தான் ஊரு அலையோட மெதந்து ஒதுங்கிப் பொழைக்கும். அதுக்கு மேல அல எழும்பிடும். அப்ப அவுத்தா வடம் சாட்ட மாதிரி வீசித் தளத்தையே அறுத்துடும்."

"சம்மதம் வரட்டும்."

"வராதுண்ணே. உங்களுக்கே தெரியும்."

"புயல் திரும்பும் தையலு. எத்தனையோ திரும்பிருக்கு. நீயே சொல்லிருக்க."

"திரும்பலாம். பத்துல ரெண்டு பங்கு."

"அந்த ரெண்டு பங்கு போதும் எனக்கு." அவர் திரும்பினார். முகம் வீங்கியிருந்தது. "அவுத்துட்டா எல்லைய விட்டுப் போயிடுவோம். போனா என்னாகும்னு நஸ்ரின கேளு. இதுக்கு நான் என் புள்ளயக் குடுத்திருக்கேன். நீ ஒரு பூட்டத் தொறந்து கடல்ல விட்டுருவியா?"

"முப்பத்தேழாயிரம் பேரு மேல இருக்காங்கண்ணே."

"அந்த முப்பத்தேழாயிரம் பேரும் சேந்து கேட்டதுதான் இது. ஒனக்கு யாரும் ஓட்டுப் போடல."

அந்தச் சொல் அவளைக் குத்தியது. உண்மை என்பதால் குத்தியது. வெளியே வந்து, கட்டுப்பாட்டு அறைவரை நடந்தே போனாள். வழியில் மீன் ஏலக்கூடத்தில் பெண்கள் சாமான்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். "மாநிலம்மா இது, அம்மாம் லேசுல ஒண்ணும் ஆவாது," என்று ஒருத்தி இன்னொருத்திக்குத் தைரியம் சொன்னாள்.

ஒன்று நாற்பதுக்கு அவள் ஆரோக்கியசாமியிடம் சொன்னாள்: "அவுத்துருங்க."

அவர் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கூப்பிய கையோடு நின்றார். "எழுத்துல குடுங்க மேடம். பூட்டத் தொறக்குற பசங்க மேல எதுவும் வந்துடக் கூடாது."

எழுதிக்கொடுத்தாள். 'என் பொறுப்பில், யாருடைய உத்தரவுமின்றி, ஊரை நகர்த்துகிறேன்.' கீழே கையெழுத்து, நேரம். அறுபத்து நான்கு பேர் அறுபத்து நான்கு பூட்டுகளை ஒரே நேரத்தில் அவிழ்த்தார்கள். வடங்கள் தண்ணீரில் விழுந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பதினாறு மாதம் நின்ற தரை மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்து, தென்கிழக்கே நகரத் தொடங்கியது. ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று விளங்கியதும் ஓலமிட்டார்கள்.

புயல் திரும்பியது.

நான்கு மணி நேரம் கழித்து வடக்கே முறுக்கிக்கொண்டு, பாதி வேகத்தை இழந்து, எங்கோ ஆளில்லாத சதுப்பில் கரையேறியது. தெப்பக்கரை நின்ற சதுரத்தின் மேல் அடித்த உச்சக் காற்று நூற்று முப்பது. வடங்கள் தாங்கியிருக்கும். ஊரில் ஒரு கண்ணாடிகூட உடைந்திருக்காது. நகர்ந்ததிலும் யாரும் சாகவில்லை, ஓர் ஆடுகூட.

அந்தப் புயலில் எங்கேயாவது யாராவது செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் கூட்டம். "எங்கடி புயலு? காட்டுடி!" என்று கத்தினார்கள். மீன் கழுவிய தண்ணீரைக் கதவில் ஊற்றினார்கள். உயிரோடு இருந்ததால்தான் ஊற்ற முடிந்தது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? விசாரணைக் குழுவின் முன்னால் கலியமூர்த்தி சாட்சி சொன்னார். "தடுத்தேன். மீறிச் செஞ்சா," என்று இரண்டே வாக்கியம். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தால் பாதை மாறினார். அண்ணி மட்டும் ஒரு நாள் பின்கதவு வழியாக வந்து, குழம்புப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

ஊர் சதுரத்திலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் கடல் எல்லையைத் தாண்டிக் கிடந்தது. வடங்கள் கடலடியில் மூழ்கிவிட்டதால் உடனே திரும்பிப் போய்க் கட்டவும் வழியில்லை. மாநிலம் கலைந்துவிட்டது, மறுபடி பதின்மூன்றாவது தீர்மானத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து நஸ்ரின் ஒரு கோப்போடு அவள் வீட்டுக்கு வந்தாள். ஊரில் அவள் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வரும் ஒரே ஆள் நஸ்ரின்தான்.

"மாநிலம் கலையல மேடம்."

"என்னம்மா சொல்ற?"

"நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டாத்தான் கலையும். போடல. சட்டத்துல மாநிலம்னா அந்த நாலு புள்ளிதான். மெதக்குற ஊரப் பத்தி எங்கயும் ஒரு வார்த்த இல்ல. நானே எழுதுனேன், எனக்கே உறைக்கல." "மாநிலம் அங்கயே இருக்கு. நாமதான் அதுல இல்ல."

"வெறுந்தண்ணிக்கு எதுக்கு மாநிலம்?"

"வெறுந்தண்ணி இல்ல. நாம போன முதல் மாசமே ஒரு சுரங்கக் கம்பெனி அங்க மேடை கொண்டாந்து நிறுத்திருக்கு. கடலுக்கடியில உலோகம் எடுக்குறாங்க. முந்நூத்திப் பன்னெண்டு ஆளு. ஆறு மாசம் தங்கியாச்சுன்னு வாக்காளர் பட்டியல்ல சேத்துட்டாங்க. வெளியூர் போனவங்கன்னு நம்ம பேரெல்லாம் நீக்கிட்டாங்க, நம்ம எம்.எல்.ஏ.க்கள் முப்பது பேரு பதவியும் போயிருச்சு. அடுத்த மாசம் தேர்தல். முப்பது தொகுதி. ஒரு தொகுதிக்குப் பத்துப் பேரு. கவர்னர் அந்த மேடைக்கே குடிபோயிட்டார்."

தையல்நாயகி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். "நாம திரும்பிப் போனா?"

"அந்த எல்லைக்குள்ள நுழைய அந்த மாநில அரசோட அனுமதி வேணும்."

"அப்ப நாம யாரு?"

நஸ்ரின் கோப்பைத் திறந்து ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். "கப்பல். எல்லை இல்லாம மிதக்குறதுனால கப்பல் சட்டத்துல பதிவு பண்ணிட்டாங்க. சட்டமன்றம் கிடையாது, தேர்தல் கிடையாது. கப்பலுக்கு ஒரே அதிகாரிதான், கேப்டன். அவர் சொல்றதுதான் சட்டம். கூட்டம் போடணும்னாக்கூட அவர் அனுமதி வேணும்."

"யார அனுப்புறாங்க?"

"யாரையும் அனுப்பல. கப்பல நகத்துனவர் எவரோ அவரே கேப்டன்னு விதி இருக்கு. நீங்க ஆரோக்கியசாமிக்கு எழுதிக்குடுத்த தாள விசாரணைக் கோப்புலேர்ந்து எடுத்துச் சான்றா வச்சிருக்காங்க. 'என் பொறுப்பில், யாருடைய உத்தரவுமின்றி.'"

தையல்நாயகி மறுத்து எழுதினாள். கேப்டன் விலகினால் கப்பல் பதிவு ரத்தாகும், பதிவில்லாத கப்பலுக்கு எந்தத் துறைமுகமும் மருந்தும் எண்ணெயும் தராது என்று பதில் வந்தது. அந்த ஒரு பதில் மட்டும் நான்கே நாளில் வந்தது. எண்ணெய் பதினெட்டு நாளுக்குத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

பழைய முதலமைச்சர் அறையில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. கட்டுப்பாட்டு அறையிலேயே ஒரு மூலையில் மேசை போட்டுக்கொண்டாள். கல்யாண மண்டபத்துக்கு, பள்ளி விடுமுறைக்கு, புதுப் படகுக்கு என்று எல்லாவற்றுக்கும் அங்கே வந்து நின்றார்கள். முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார்கள். எந்தத் தாளையும் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அதற்காக யாரும் அவளை மன்னிக்கவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வரிசையில் கலியமூர்த்தி நின்றார். மெலிந்திருந்தார். வேட்டியில் கிரீஸ் கறை. மறுபடி எஞ்சின் வேலைக்குப் போகிறார் என்று அண்ணி சொல்லியிருந்தாள். தன் முறை வந்ததும் தாளை மேசைமேல் வைத்தார்.

அவள் படித்தாள். 'பயணிகள் சார்பில், கேப்டனைக் கண்டித்துப் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி வேண்டி.'

"உக்காருங்கண்ணே."

"பயணிங்க உக்காரலாமா?"

ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேனாவை எடுத்தாள்.

"எந்த எடத்துல?"

"ஏலக்கூடத்துல. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு."

"எத்தன பேரு வருவாங்க?"

"எல்லாரும் வருவாங்க."

அவள் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள். அவர் தாளை எடுக்காமல் நின்றார்.

"ஒலிபெருக்கிக்கும் சேத்து எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனார். கதவில் கை வைத்தபடி, திரும்பாமலே கேட்டார்: "காத்து எப்புடி?"

"வடகிழக்கு. அஞ்சு மணிக்கு மேல கூடும். மழையும் இருக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப மூணு மணிக்கே வச்சு முடிச்சிக்கிறோம்," என்றார்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்கத் தொடங்கியது. அண்ணன் குரல்தான் முதலில். கணிப்பு தப்பியிருந்தது, காற்று முன்னதாகவே வந்துவிட்டது. ஏலக்கூடத்துக்குக் கிழக்கே சுவர் கிடையாது. சாரல் நேராகக் கூட்டத்தின் மேல் அடிக்கும். தையல்நாயகி எழுந்து போய் ஆரோக்கியசாமியை விலகச் சொல்லிவிட்டு, நீர்ப்பாய்களைத் தானே சரித்து, ஊரை முப்பது பாகை மெல்லத் திருப்பினாள். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. குரல் தடையில்லாமல் தொடர்ந்தது.

அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.